கையில் காசில்லாத ஞாயிற்றுக்கிழமை: கொழும்புத்துறையிலிருந்து எங்கே போகலாம்?

கொழும்புத்துறையில் தெற்குப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் பலவும் கடலில்தான் முடிகின்றன. வீட்டுப் படலையைத் திறந்து நடந்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர். ஆனாலும் விடுமுறை தொடங்கியதும் "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போறது, இங்கே என்ன இருக்கு?" என்ற கேள்வியை நான் அதிகம் கேட்பது இந்த ஒழுங்கைகளில்தான். கேட்பவர்களின் மனதில் இருப்பது நுவரெலியாவும் கொழும்பும். அதற்கு வான் பிடிக்க வேண்டும், இரண்டு இரவு அறை எடுக்க வேண்டும், கடைச் சாப்பாடு வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அப்படியொரு பயணம் கடனில்தான் முடியும்.

அந்தப் பயணத்தை விட்டுவிடுவோம். காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய, பஸ் காசும் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடும் போதுமான இடங்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இவ்வளவு கிட்ட இருக்கும் கடலுக்கு நாங்கள் ஏன் போவதில்லை என்பதையும் சொல்லாமல் அதை எழுத முடியாது.

காசு மட்டும் காரணமல்ல. என் வயதுக்காரர் கடற்கரைக்குப் பொழுதுபோக்காகப் போய் வளரவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் கரையோர ஊர்களை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு கோட்டை முற்றுகையிலும் குண்டுவீச்சிலும் பண்ணைப் பக்கம் பாழானது. தீவுப் பகுதி இராணுவத்திடம் போனது. கடற்றொழில் தடை செய்யப்பட்டது. வன்னிக்குப் போக வேண்டியவர்கள் இரவில் கிளாலிக் கடலைக் கடந்தார்கள். அந்தக் கடலில் எத்தனையோ பேர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 1996க்குப் பிறகு தொழிலுக்குப் போகவே பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. கரையெங்கும் முட்கம்பியும் காவலரணும். அந்தக் காலத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: கடல் பக்கம் போகாதே. முட்கம்பி இப்போது பல இடங்களில் இல்லை. அந்தச் சொல் மட்டும் வீடுகளுக்குள் அப்படியே இருக்கிறது. அதனால்தான் கடலடியில் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. எந்தக் காற்றில் எந்தக் கரைக்குப் போகலாம் என்று தாய் தகப்பனுக்கே தெரியாது.

காற்றைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மீன்பிடிக்கிற குடும்பங்களுக்கு இது பாலபாடம். மற்றவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மே மாதமளவில் தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிக்கும். அப்போது கொழும்புத்துறை, பாசையூர், குருநகர், பண்ணைப் பக்கமெல்லாம் தண்ணீர் கலங்கி அலையடிக்கும். அதே நாட்களில் குடாநாட்டின் வடகரை, அதாவது காங்கேசன்துறை, கீரிமலை, காரைநகரின் வடபக்கம், தரை காற்றை மறைப்பதால் அமைதியாக இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழ். வடகரையில் அலை மதில்போல் எழும். எங்கள் பக்கம் கடல் தட்டுப்போல் கிடக்கும். எனவே சோளகத்தில் வடக்கே போங்கள், வாடையில் வீட்டுக்குக் கிட்ட நில்லுங்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கும் டிசெம்பர் விடுமுறைக்கும் ஒரே இடத்தைத் திட்டமிடாமல் இருந்தாலே பாதி ஆபத்துக் குறையும்.

வீட்டுக்குக் கிட்ட என்றால் கொழும்புத்துறை இறங்குதுறையேதான். யாழ்ப்பாண அரசு காலத்திலேயே இது வணிகத் துறை என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பூநகரிக்கு வள்ளங்கள் போனது இங்கிருந்து. எதிரே தெரிவது வன்னிப் பெருநிலத்தின் கரை என்று ஒரு பிள்ளைக்குக் காட்டினால், புவியியல் புத்தகத்தில் ஒரு பக்கம் குறைந்த மாதிரி. இது ஆழ்கடல் அல்ல, கடல்நீரேரி. பல இடங்களில் நெஞ்சளவுத் தண்ணீர்கூட இருக்காது. தண்ணீருக்குள் வரிசையாக நடப்பட்டிருக்கும் தடிகளைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அது களங்கட்டி. தடிகளில் வலையைச் சுற்றிக் கட்டி, நீரோட்டத்தோடு வரும் மீனும் இறாலும் ஒரு மூலைக்குள் போய் முடங்கும்படி செய்த பொறி. காலையில் அதை எடுக்க வருபவர்களைப் பார்ப்பதற்காகவே ஆறு மணிக்குப் போகலாம். மழை தொடங்கிய பிறகு வலசைப் பறவைகளும் வரும். பூநாரைக் கூட்டம் எல்லா வருடமும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. மண்டைதீவுப் பக்கமும் தொண்டைமானாற்றுப் பக்கமும் சுண்டிக்குளத்திலும் கண்டிருக்கிறார்கள். குளிப்பதற்கு மட்டும் இந்தக் கரை சரிவராது. அடியில் சேறு, சிப்பி ஓடு, சில இடங்களில் உடைந்த போத்தல். திருக்கை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். இறங்கத்தான் வேண்டுமென்றால் செருப்போடு, காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடக்க வேண்டும். சத்தத்துக்குத் திருக்கை விலகிவிடும்.

திரும்பி வரும் வழியில் யோகர் சுவாமிகளின் ஆச்சிரமம். மாவிட்டபுரத்தில் 1872இல் பிறந்து 1964இல் மறையும்வரை தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுவாமிகள் இந்த ஊரிலேயே ஒரு சிறு கொட்டிலில் கழித்தார். கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் அவர் வருடக்கணக்காக இருந்ததை ஊரில் இன்றும் சொல்வார்கள். உள்ளே அமைதியாக இருந்துவிட்டு வர எவரும் காசு கேட்பதில்லை. பாசையூர் அந்தோனியாரின் ஜூன் 13ஆம் திகதித் திருவிழாவுக்குச் சைவக் குடும்பங்களும் போவது எங்கள் பகுதியின் பழக்கம்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியே போனால் கடையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே செலவில் பாதி. எங்கள் ஆட்களுக்கு இதற்கென்றே ஒரு சமையல் இருக்கிறது: ஒடியற்கூழ். ஒரு பெரிய பானை, மூன்று கல், காய்ந்த பன்னாடை, கங்குமட்டை. நண்டு ஏற்றுமதிக்குப் போய் விலை ஏறிவிட்டது, அதை மறந்துவிடலாம். பாசையூர்ச் சந்தையில் காலையில் கிடைக்கும் சின்ன மீனும் ஒரு கைப்பிடி இறாலும் போதும். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை வீட்டு வளவிலோ அயலிலோ கிடைக்கும். ஒடியல் மாவை முதலிலேயே தண்ணீரில் ஊறவிட்டு மேல் நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் கடைசியில். பனையோலையில் பிளா கோலப் பிள்ளைகளுக்குப் பழக்கினால் கோப்பையும் தேவையில்லை, குப்பையும் இல்லை. பத்துப் பேருக்கு ஒரு பானை கூழ் காய்ச்சும் செலவை, கடையில் நாலு பேருக்குக் கொத்துரொட்டி வாங்கும் செலவோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூழ் காய்ச்ச நல்ல இடம் வேலணையில் சாட்டிக் கடற்கரை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து தீவுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலத்தைக் கடந்து போகும். அந்தப் பஸ் பயணமே ஒரு காட்சி: வீதியின் இரண்டு பக்கமும் கடல். சாட்டியில் நிழலும் மணலும் உண்டு, சிந்தாத்திரை மாதா கோயிலும் உண்டு. அதே சாட்டியில்தான் இடித்தழிக்கப்பட்ட மாவீரர் துயிலும் இல்லமும் இருந்தது. நவம்பர் 27இல் அங்கே விளக்கேற்றப் போகும் குடும்பங்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். ஒரே ஊருக்கு ஒரு நாள் அழுவதற்கும் இன்னொரு நாள் குளிப்பதற்கும் போகலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். போகலாம் என்பதுதான் என் எண்ணம். பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சொல்லலாம்.

நயினாதீவு இன்னும் மலிவு. குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகு. நாகபூசணி அம்மன் கோயிலைக் கும்பிட்டபின் அமுதசுரபி மண்டபத்தில் மதியம் அன்னதானம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பஸ் காசும் படகுக் காசும்தான் செலவு. அதே குறிகட்டுவானில் நெடுந்தீவுக்கும் படகு ஏறலாம். பயண நேரம் கூட, வாடைக் காலத்தில் படகு ஆடும் ஆட்டமும் கூட. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பெண்களும் கைக்குழந்தையும் உட்பட இருபதுக்கு மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தக் கடலில்தான். அப்படகில் உறவினரை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வழியில் பள்ளிக்கூடச் சுற்றுலா போய்வருகிறார்கள்.

சோளகக் காலத்தில் வடக்கே போகச் சொன்னேன். காரைநகர் கசூரினா எல்லோருக்கும் தெரியும். கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாத கடல், சவுக்கு நிழல், கொஞ்சம் தள்ளிக் கோவளம் வெளிச்சவீடு. நல்லூர்த் திருவிழாக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து வந்த உறவுகளின் வான்கள் வரிசை கட்டி நிற்கும். இடம் வேண்டுமென்றால் கிழமை நாளில் போங்கள். ஆழமில்லை என்ற நம்பிக்கைதான் அங்கே ஆளைக் கொல்கிறது. குடித்துவிட்டு இறங்கும் இளைஞர்களும் மிதக்கும் டியூபை நம்பி உள்ளே போகிறவர்களும் மூழ்கிய செய்திகளை நாங்கள் வருடாவருடம் எழுதுகிறோம். பிள்ளையின் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் என்றால், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கடல் பக்கத்தில் நிற்க வேண்டும், கரைப் பக்கத்தில் அல்ல.

நீந்தத் தெரியாத பிள்ளைகளோடு போக எனக்குப் பிடித்த இடம் கீரிமலை. கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் நன்னீர். எப்படி என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் எங்கள் காலடியில் இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. ஆறென்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படையாகத் தேங்கி, கல் திறந்திருக்கும் கரையில் ஊற்றாக வெளியே வருகிறது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறும் இதே கதைதான்: மேலே நன்னீர், கீழே போகப்போக உவர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி இருப்பதால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் அம்மம்மாக்களும் கூச்சமில்லாமல் குளிக்கக்கூடிய இடம் இது. ஆடி அமாவாசையன்று மட்டும் சுற்றுலாவாகப் போகவேண்டாம். அன்று அது தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வருபவர்களின் இடம். இறந்த திகதி தெரியாத, உடல் கிடைக்காத தகப்பன்மாருக்கும் அங்கே பிள்ளைகள் இறைக்கிறார்கள்.

கீரிமலையும் காங்கேசன்துறையும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காலம் நீளமானது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில், 27 வருடங்களுக்குப் பிறகு, மக்களிடம் வந்தது. பலாலிப் பக்கத்து வீதிகள் சில 2024இலும் 2025இலும்தான் திறந்தன. அவற்றிலும் நேரக் கட்டுப்பாடு போட்டார்கள். இன்னும் விடுபடாத காணிகளும் கரைகளும் இருக்கின்றன. சில கரைகளில் படையினர் நடத்தும் விடுதியும் சிற்றுண்டிச்சாலையும் உண்டு. அங்கே தேத்தண்ணி வாங்கிக் குடிப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. நான் பிளாஸ்க் கொண்டுபோகிறவன்.

இந்த இடத்தில் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயமாக்கி, அங்கே கட்டடம் எழுப்புவதை அனுமதிக்கு உட்படுத்துகிறது. கட்டுபவரைக் கட்டுப்படுத்தவே அது முதலில் எழுதப்பட்டது. நடப்பவரை நினைத்து அல்ல. இங்கிலாந்தில் 2009இல் வந்த ஒரு சட்டம் முழுக் கரையோரத்தையும் சுற்றி மக்கள் நடக்கப் பாதை அமைக்க வழி செய்தது. வேலை பல வருடங்களாக நடக்கிறது. எங்கள் பகுதியில் கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் ஒருவர் கேற் போட்டால், "அந்த வழியாலதானே நாங்கள் வலை கொண்டுபோறனாங்கள்" என்று சொல்லத் தொழிலாளிகள் இருக்கும்வரைதான் அது திறக்கும். யாரும் நடக்காத ஒழுங்கையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிரதேச செயலகத்துக்கும் மாநகரசபைக்கும் எழுத்தில் முறையிடலாம். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.

கிழக்கே போகும் வழியைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அரியாலை தாண்டிச் செம்மணி. 1999இல் அங்கே தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, குழந்தைகளுடையவையும் அவற்றில். சங்குப்பிட்டிக்கும் தென்மராட்சிக்கும் போகும் ஒவ்வொரு குடும்பமும் அந்த வெளியைக் கடந்துதான் போகிறது. பஸ் யன்னலால் வயல்வெளியையும் கொக்குகளையும் காட்டிக்கொண்டு போகும்போது எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வதென்று முன்கூட்டியே வீட்டில் பேசி வைப்பது நல்லது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் திடீர் மௌனத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

நாவற்குழிச் சந்தியில் திரும்பினால் சங்குப்பிட்டிப் பாலம். 2011 ஜனவரியில் திறந்த இந்தப் பாலத்துக்கு முன்னர் அங்கே பாதையில் ஏறித்தான் நீரேரியைக் கடந்தார்கள். இப்போது பின்னேரங்களில் குடும்பங்கள் வந்து காற்று வாங்குகின்றன, பையன்கள் தூண்டில் போடுகிறார்கள். கால் இழந்தவர்களோடு, சக்கர நாற்காலியோடு வெளியே போகிற குடும்பங்களுக்கு இப்படியான இடங்கள்தான் உதவும். மணல் பொய்க்காலுக்கும் சில்லுக்கும் எதிரி. உப்புத் தண்ணீர் மூட்டுக்குள் போனால் துருப்பிடிக்கும். எங்களிடையே இப்படி எத்தனையோ வீடுகள் இருந்தும், எந்தக் கடற்கரையிலும் சரிவுப்பாதை என்று ஒன்றைத் தேடவேண்டியிருக்கிறது. நகரத்தில் பண்ணைக் கரையோரம் சமமான நடைபாதை உண்டு. பக்கத்திலேயே போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகப் பெருப்பித்த கோட்டை. பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் சூரியன் தீவுகளுக்குப் பின்னால் இறங்குவதைக் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம்.

கடலையே பார்க்க விரும்பாதவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவில் நாட்களைக் கழித்தவர்களைக் கசூரினாவுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய அவசியமில்லை. அவர்களோடு தொண்டைமானாற்றுக்குப் போகலாம். செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே சொல்வார்கள். கோயிலடியில் மதியச் சாப்பாடு கிடைக்கும், மர நிழல் உண்டு, வாயிலில் அலையில்லாத ஆறு. அல்லது நுங்குக் காலத்தில் தென்மராட்சியில் உறவினர் தோட்டம் ஒன்றைத் தேடிப்போங்கள். தை, மாசியில் என்றால் பனங்கிழங்கு கிண்டலாம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா இலவசம். வாடைக் காற்றில் விண் பூட்டிய பட்டங்களின் சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

மணற்காட்டை விட்டுவிட மனமில்லை. பருத்தித்துறைக்கு அப்பால் வடமராட்சி கிழக்கில் மணல் குன்றுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய தேவாலயச் சுவர்கள். பிள்ளைகள் குன்றில் ஏறிச் சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. தெற்கே உடுத்துறையில் நினைவாலயம் இருக்கிறது. மணல் குன்றுதான் ஊருக்கு இயற்கை மதில் என்று அன்று கண்டோம். அதே மணலை இன்று இரவில் களவாக உழவு இயந்திரங்களில் ஏற்றுகிறார்கள். கடலில் அங்கே குளிக்க வேண்டாம், நீரோட்டம் கடுமை.

அங்கே கடை இல்லை, கழிப்பறை இல்லை. தண்ணீர் ஆளுக்கு ஒரு போத்தலாவது கொண்டுபோங்கள். ஓட்டோ பிடித்தால் போய்வரும் செலவு பஸ்ஸைவிடப் பல மடங்கு. பருத்தித்துறை வரை பஸ்ஸில் போய் மிச்சத்துக்கு மட்டும் ஓட்டோ பேசலாம், பேசும்போதே திரும்பி ஏற்றுகிற நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். மற்ற இடங்களில் இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று நடத்துனரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு முந்தியதைப் பிடிப்பதே நல்லது. கடைசி பஸ்ஸில் பிள்ளையோடு நின்றுகொண்டுதான் வரவேண்டியிருக்கும்.